யாம் கண்ட திருக்குற்றாலம்

இவ்வாண்டு எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற்குப் பாடமாக அமைந்த நூல்களுள் திருக்குற்றாலக் குறவஞ்சியும் ஒன்று. குறத்தி தன் மலையின் வளத்தை எடுத்துரைக்கும் பகுதியை ஆசிரியர் ஒருநாள் இசையோடு படித்துக் காட்டினார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே, "உங்களுள் குற்றாலத்தைக் காணாதவர் எவரேனும் உளரோ?" என்று வினவினார். கையை உயர்த்தியவர் யாம் ஒருவரே. திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயின்று, பத்தொன்பது அகவை நிரம்பிய பின்னும் குற்றாலம் காணாதிருப்பது பெருங்குற்றம் போலும் என எண்ணுமாறு அனைவரும் எம்மைத் திரும்பி நோக்கினர். ஆசிரியர் மட்டும் நகைக்கவில்லை. "நூலிற் பாதியைத்தான் படித்திருக்கிறீர். மற்றைப் பாதி அங்கே விழுந்துகொண்டிருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாரும்" என்றார்.

காணாதிருந்தமைக்குக் காரணம் இல்லாமலில்லை. தந்தையார் வேலையின் பொருட்டு வெளியூர்களில் தங்க நேர்ந்தமையால், யாம் எம் ஆச்சியாரிடமே வளர்ந்தோம். அவர் ஊர் சீவலப்பேரிக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூர். குற்றாலமலையிற் பிறக்கும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து நெடுந்தூரம் ஓடிவந்து, சீவலப்பேரியருகே பொருநையோடு கலக்கின்றது. ஆகவே சிறுவயதில் யாம் நீந்திக் களித்த நீரில் குற்றாலத்து நீரும் கலந்தே இருந்தது; அந்நாளில் அதனை யாம் அறியோம். ஆச்சியாருக்கு ஓடும் நீரிடத்து அச்சமில்லை; விழும் நீரிடத்தேதான் அச்சம். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பழைய குற்றால அருவியில் எதிர்பாராது பெருகிய வெள்ளம் 17 அகவை மாணவன் ஒருவனை அடித்துச் சென்ற செய்தி வந்தபின், குற்றாலம் என்னும் சொல்லையே எம் வீட்டில் எடுக்க இயலாதாயிற்று.

எனினும் ஆசிரியர் சொல் என்றதும் அவர் சிறிது இளகினார். முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவர், "வாத்தியார் சொன்னால் போகத்தான் வேண்டும். அருவியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில், ஐயா. கோயிலுக்குள் மட்டும் போய்விடாதே. அது நம் பெரியவர்கள் போகாத வாசல்" என்றார்.

"போகாத வாசலா ஆச்சி, போகவிடாத வாசலா?" என்று கேட்டோம்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இரண்டும்தான்" என்று கூறிவிட்டு, அடுத்த கீரைக்கொத்தை எடுத்தார்.

அச்சொல்லின் பொருளை இங்கே சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எம் முன்னோர் பனையேறிப் பிழைத்தவர். அவர்கள் காலத்தில் அத்தொழிலுடையார் பெருங்கோயில்களின் வாயிலைக் கடத்தல் கூடாது. நாடார்கள் கமுதிக் கோயிலுட் புகுந்தமைபற்றி 1897-இல் எழுந்த வழக்கு, கடல் கடந்து பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அவ்வழக்கு எழுவதற்கு முன்னரே எம் குடும்பத்தார் ஞானஸ்நானம் பெற்று 'வேதக்காரர்' ஆகிவிட்டனர். மெய்யுணர்ந்து ஆயினரோ, தம்மை நிமிர்ந்து நிற்கவிட்ட இடத்தை நாடி ஆயினரோ, யாம் அறியோம். இரண்டையும் பிரித்துப் பார்த்தல் அவர்களுக்கே இயன்றிராது. பின்னர்க் காலம் மாறிற்று. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் அரசர் தம் நாட்டுக் கோயில்களை இந்துக்கள் எல்லார்க்கும் திறந்துவிட்டார். குற்றாலத்திற்குச் சில கல் தொலைவிலே உள்ள செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. கதவுகள் திறந்தன, திறந்தபோது எம்மவர் அங்கில்லை.

நிற்க. ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை வைகறையில், தென்காசியைச் சேர்ந்த வகுப்பு நண்பர் ஒருவரோடு திருநெல்வேலிச் சந்திப்பிற் புகைவண்டி ஏறினோம். சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என இருமருங்கும் வயல்களே. பாவூர்சத்திரத்தைக் கடந்ததும் காற்று வேறாயிற்று. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் ஒரு கணவாய் உண்டு. மலையாள நாட்டிற் பெய்யும் தென்மேற்குப் பருவமழை அவ்வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்க்கின்றது. அவ்வாறு பார்க்கும்போது சிந்தும் நுண்துளியையே இந்நாட்டார் சாரல் என்பர். குடை பிடிப்பார்க்கு அது மழையன்று, பிடியாதார்க்கு வெயிலுமன்று. வண்டியின் பலகணி வழியே கையை நீட்டினோம். கை நனைந்ததோ இல்லையோ என ஐயுறும் அளவிற்கே நனைந்தது.

தென்காசியிலிருந்து பேருந்து. சிறிது தொலைவு சென்றதும் நடத்துநர், "மேலகரம்! மேலகரம் இறங்கு!" என்று கூவினார். எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அன்றோ அது! அவர் பாடலுக்கு மகிழ்ந்து, 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றதும் யாம் வினாத்தாளுக்காக நெட்டுருச் செய்தவை. நடத்துநரோ அவ்வூர்ப் பெயரைத் தேங்காய் மூட்டையோடு சேர்த்து இறக்கிவிட்டுச் சீழ்க்கை ஊதினார்.

அருவியைப் பற்றி நூற்றுக்கணக்கானோர் எழுதியுள்ளனர். யாம் மிகுதியாக எழுதப் புகவில்லை. பேரருவி நேரே தரையில் விழுவதன்று. நடுவழியிற் பாறையில் ஓர் ஆழ்ந்த குடைவு உண்டு; பொங்குமாங்கடல் என்பர். நீர் முதலில் அதனுட் பாய்ந்து, கொதித்து, அங்கிருந்து பொங்கி வழிந்தே கீழே வருகின்றது. அவ்வாறு இடையில் அதன் வேகம் அடங்காதிருந்தால், அடியில் நின்று தலைகொடுப்பார் எவரும் இரார் என நண்பர் கூறினார். எண்ணெய், சவர்க்காரம் முதலியவற்றை அருவிகளிற் பயன்படுத்தலாகாது என 2014-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்தபின், முற்காலத்து எண்ணெய்க் குளியற் காட்சி இன்று அருவியடியில் இல்லை. காவலர் ஊதல் இடையறாது ஒலிக்க, வரிசையிற் சென்று, ஆச்சியார் சொற்படி கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றோம். முதல் அடி விழுந்ததும் மூச்சு நின்றது. தலையில் யாரோ நூறு கைகளாற் குட்டுவது போன்றிருந்தது. பின்னர்க் குட்டிய கைகளே தடவிக் கொடுப்பதுபோலாயிற்று. அருவியின் திரை வானளாவ எழுந்து கதிரவன் தேருக்கும் வழுக்கலை உண்டாக்கும் எனக் கவிராயர் புனைந்ததை வகுப்பிலே உயர்வுநவிற்சி என்று குறித்துவைத்திருந்தோம். மேலே நோக்கினோம். கதிரவனைக் காணவில்லை. வழுக்கி விழுந்தானோ என்னவோ!

இனிக் கோயிலைப் பற்றிக் கூறுவோம். அருவிக்கும் கோயிலுக்கும் இடையே சில அடித் தொலைவே உண்டு. ஈர உடையோடு வருவார் பலர். தலையைத் துவட்டிக்கொண்டே உட்புகுவார் பலர். கோயில் சங்கு வடிவாய் அமைந்தமையின் சங்கக்கோயில் என்றும் கூறப்படும். இறைவர் திருக்குற்றாலநாதர், அம்மையின் பெயர் குழல்வாய்மொழி. அப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதனை இட்ட தமிழர் செவியை மெச்சாதிருத்தல் இயலாது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்திற்கு ஒரு பதிகமும், இங்குள்ள குறும்பலாவிற்கெனத் தனியே ஒரு பதிகமும் பாடியருளினார். மரத்திற்கெனப் பதிகம் பெற்ற ஊர் இஃது என்பதே எமக்கு இதன்மேல் முதலில் அன்பை விளைவித்தது.

இத்தலத்துக் கதை ஒன்றும் ஈண்டுச் சொல்லத்தக்கது. முன்னர் இது திருமால் கோயிலாக இருந்ததாம். அகத்திய முனிவர் சிவனடியார் கோலத்தோடு வந்தமையின் வாயிலிலே தடுக்கப்பட்டார். அவர் அருகிலுள்ள இலஞ்சிக்குச் சென்று முருகனை வணங்கி, வைணவர் வேடம் பூண்டு மீண்டு வந்து உட்புகுந்து, திருமேனியின் தலைமீது கைவைத்து அழுத்திச் சிவலிங்கம் ஆக்கினார் என்பது ஐதிகம்.

கோயில் வாயிலில் நண்பர் எம் தயக்கத்தைக் கண்டு அக்கதையையே எம்மேல் ஏவினார். "அகத்தியரே வேடம் பூண்டுதான் உள்ளே போனார். நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொள். உன்னை யார் கேட்கப் போகிறார்?" என்றார். உண்மைதான். எவரும் கேட்டிரார். எம் முகத்திலோ உடையிலோ வேதக்காரன் என எழுதியிருக்கவில்லை. எம் நாவிலோ குறவஞ்சி முழுதும் இருந்தது. உள்ளே வணங்கி நிற்போருள் அந்நூலை எம்மினும் மிகுதியாக அறிந்தவர் சிலரே இருப்பர் என்னும் செருக்கும் மனத்தின் ஒரு மூலையில் எழுந்தது, மறைப்பானேன்?

ஆனால் 2024 சனவரியிற் பழனிக் கோயிலைப் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைச் செய்தித்தாளிற் படித்திருந்தோம். இந்து அல்லாதார் கொடிமரத்திற்கு அப்பாற் செல்லலாகாது. தெய்வத்தினிடம் நம்பிக்கை உண்டென உறுதிமொழி எழுதிக் கொடுப்பாராயிற் செல்லலாம் என்பது அதன் கருத்து. அத்தகைய தாள் ஒன்றை எம்முன் நீட்டினால் என்ன எழுதுவோம் என எண்ணிப் பார்த்தோம். எம் நம்பிக்கை கவிராயரிடத்தது, சம்பந்தர் தமிழிடத்தது. அவற்றை நம்பி உள்ளே விடுவார் எவருமில்லை. விடச் சொல்லிக் கேட்டலும் முறையன்று. "அகத்தியர் புகுந்ததால் உள்ளிருந்தவர் மாறினார். நான் புகுந்தால் அவரும் மாறார், நானும் மாறேன், வேடம் ஒன்றுதான் மிச்சம்" என்று நண்பரிடம் நகைத்துக் கூறிவிட்டுக் கொடிமரத்தடியிலே நின்றுவிட்டோம்.

நகைத்தோமேயன்றி உள்ளம் நகைக்கவில்லை. எம் பாட்டனாரின் பாட்டனார் ஒரு கோயில் வாயிலில் இவ்வாறுதான் நின்றிருப்பார். அவரை நிறுத்தியது ஒன்று. எம்மை நிறுத்தியது வேறொன்று. அவர் போகலாகாது என்றனர். எம்மை எவரும் ஒன்றும் கூறவில்லை. யாமே நின்றோம். அவ்வேறுபாடு பெரிதென அறிவு கூறிற்று. நிற்கும் கால்களுக்கு அது விளங்கவில்லை. உள்ளே மணி ஒலித்தது. அருவியின் ஓசை மதிலைத் தாண்டி வந்து அம்மணியோசையைச் சூழ்ந்துகொண்டது. எத்துணைக் காலமாக அவ்விரண்டும் இவ்வாறு ஒன்றாக ஒலிக்கின்றனவோ!

அப்போது ஈரச் சேலையோடு வந்த ஒரு மூதாட்டியார் எம்மருகே நின்று, "நடை சாத்திவிடப் போகிறார்கள். உள்ளே போகவில்லையா, தம்பி?" என்றார்.

"நண்பர் போயிருக்கிறார், அம்மா. நான் வேதக்காரன்" என்றோம்.

அவர் எம்மை மேலும் கீழும் நோக்கினார். ஏதேனும் கடிந்து கூறுவாரோ, அன்றி 'அதனாலென்ன, வா' என்று கையைப் பற்றி இழுப்பாரோ என இரண்டிற்கும் ஒருங்கே அஞ்சினோம். அவர் இரண்டும் செய்திலர். "நல்லதாய்ப் போயிற்று. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள், ராசா. குரங்கு தூக்கிவிடும்" என்று, நீர் சொட்டும் பை ஒன்றை எம் கையிற் கொடுத்துவிட்டு விரைந்து உட்சென்றார். குற்றாலத்துக் குரங்குகளின் காதலைக் கவிராயர் பாடினார்; களவைப் பாடினாரில்லை. இரண்டு குரங்குகள் மதில்மேல் அமர்ந்து எம் கையிலிருந்த பையையே நோக்கியிருந்தன. யாமும் அவற்றை நோக்கியிருந்தோம். துன்பமான எண்ணங்களுக்கு அதன்பின் நேரமில்லாதாயிற்று.

நண்பர் முதலில் மீண்டார். நெற்றியில் நீறு, கையிலும் ஒரு பொட்டலம். வழக்கமாக உடன்வந்தார்க்கு நீட்டுவது போலக் கை சிறிது எழுந்தது; எழுந்த கை பாதியில் நின்று மெல்ல மூடிக்கொண்டது. எம் மனம் நோவாதிருக்க வேண்டுமென அவர் செய்த செயல் அது. அதற்கு நன்றியும், சொல்லவொண்ணாத ஒரு தனிமையும் எமக்கு ஒருசேர உண்டாயின. அவர் அதனை மறைக்க விரும்பியவர்போல உள்ளே கண்டவற்றை விரைந்து சொல்லத் தொடங்கினார். இலிங்கத் திருமேனியில் அகத்தியர் விரல் பதிந்த தழும்பு இருக்கின்றதாம். அவர் அழுத்தியமையால் இறைவருக்குத் தலைவலி உண்டாயிற்றாம். அது தணியும்பொருட்டு மூலிகைகளிட்டுக் காய்ச்சிய தைலத்தை அத்திருமுடியிற் சாத்தும் வழக்கம் இன்றும் நடைபெறுகின்றதாம்.

இச்செய்தி எம்மை நெடுநேரம் வாய்பேசாதிருக்கச் செய்தது. தலைவலிக்கும் கடவுளும், அவருக்குத் தைலம் தேய்த்துவிடும் அன்பரும்! இதனை நகைப்பார் நகைக்கலாம். யாமோ பெத்தானியா ஊரில், பாடுபடப் போகின்றவர் சிரசின்மேல் விலையேறப்பெற்ற தைலத்தை ஊற்றிய அப்பெண்ணை நினைந்தோம். இது வீண்செலவன்றோ என்று முறுமுறுத்தவர் அங்கும் சிலர் இருந்தனர். இரண்டும் ஒன்றே என யாம் கூறவில்லை. ஒன்றாக்கிப் பேசுதல் இருதிறத்தார்க்கும் செய்யும் மரியாதையன்று. கொடிமரத்தடியில் நின்றிருந்த எமக்கு அது நினைவிற்கு வந்தது என்பதே யாம் கூறுவது.

மூதாட்டியார் வெளிவந்து பையை வாங்கி, அதனுள் கைவிட்டு இரண்டு மங்குஸ்தான் பழங்களை எடுத்து எம் கையில் வைத்தார். வைத்துவிட்டு, நண்பர் நெற்றியையும் எம் நெற்றியையும் மாறி மாறி நோக்கி, "படைத்ததில்லை, தம்பி. கடையில் வாங்கினது. சாப்பிடலாம்" என்றார். அவருக்கு இத்துணை நுட்பம் யார் கற்பித்தார் என இன்றளவும் வியக்கின்றோம்.

அங்கிருந்து சித்திர சபைக்குச் சென்றோம். கூத்தப்பிரானுக்கு உரியனவாகச் சொல்லப்படும் ஐந்து சபைகளுள் இஃது ஒன்று. கோயிலினின்று சிறிது விலகித் தெப்பக்குளத்தருகே செப்புத் தகடு வேய்ந்த கூரையோடு தனித்து நிற்கின்றது. சிதம்பரத்திலே திருமேனியாக நிற்கும் பெருமான் இங்கே ஓவியமாக ஆடுகின்றார். யாம் குளக்கரையளவிலே நின்றுகொண்டோம். சாரல் விழ விழ, நீரில் நிழலாடிய கூரை கலைவதும் கூடுவதுமாயிருந்தது.

ஊர் மீண்ட அன்றிரவு செபம் முடிந்தபின் ஆச்சியாரிடம் அனைத்தையும் கூறினோம். அவர் நாள்தோறும் பாடும் கீர்த்தனைகளுள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை பல. 1774-இல் நம் திருநெல்வேலியிற் பிறந்த அச்சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி என ஒரு நூல் செய்தார் என்றும், அதில் ஞானச்சிங்கி வந்து தேவமோகினிக்குக் குறி சொல்கின்றாள் என்றும் கூறினோம். ஆச்சியார் நம்பவில்லை. "சாஸ்திரியார் குறத்தியைப் பாடினாரா?" என்று இருமுறை கேட்டார். பாடினார் என்றோம். அவர் சிறிது நேரம் விளக்கைப் பார்த்திருந்துவிட்டு, "அப்படியானால் அந்தக் குற்றாலத்துக் குறத்தி என்னதான் சொல்கிறாள்? சொல், கேட்போம்" என்றார்.

மலைவளப் பகுதியை முழுதும் சொன்னோம். ஆசிரியர்போல இசை கூட்ட எமக்கு வாராது, ஆயினும் சொன்னோம். குரங்குகள் வருமிடத்தில் அவர் நகைத்தார். முடிந்ததும், "அந்த மலைத் தண்ணீர்தானே நம் ஆற்றுக்கு வருகிறது?" என்றார். ஆம் என்றோம். பிறகு பழத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இது படைத்ததா?" என்று கேட்டார்.

"இல்லை, ஆச்சி. கடையில் வாங்கினதாம். நான் கேட்கவில்லை, அந்த அம்மாளே சொன்னார்கள்."

"அவளே சொன்னாளா!" என்று ஆச்சியார் வியந்து, கட்டைவிரலால் தோட்டை அழுத்திப் பிளந்தார். வெண்மையான சுளைகளில் ஒன்றை எமக்குக் கொடுத்து மற்றொன்றைத் தாம் வாயிலிட்டுக்கொண்டார். "அடுத்த சாரலுக்கு என்னையும் கூட்டிப் போ. நீ நின்ற இடத்தில் நானும் நிற்கிறேன். பையைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஒரு ஆள் ஆயிற்று" என்றார்.